காற்றடித்த பில்டர்

அன்பு யுவஸ்ரீ,

ஞாயிற்றுக்கிழமை உன் ரேஸ் காரை எடுத்துப்போக வருவதாகச் சொன்னாய். அதன் பிறகு இந்த வீட்டுக்கு வரமாட்டாய் என்றும் சொன்னாய்.

நீ போனதிலிருந்து இந்த ஆறு மாதமும் அதை நான்தான் பார்த்துக்கொண்டேன். எருமப்பட்டிப் புழுதிக்குப் பயந்து, நம் போர்வெல் ரிக் லாரிக்குச் செய்வதுபோலவே, வாராவாரம் ஏர் பில்டரைக் கழற்றிக் கம்ப்ரசர் காற்றடித்து மாட்டினேன். ஒரு சுற்று ஓட்டியும் வைத்தேன். நேற்று இஞ்சின் புகை கக்கி நின்றுவிட்டது.

"ஏனுங்க, இதென்ன போர் வண்டியா?" என்று மெக்கானிக் மணிமாறன் கத்தினார். "அந்தக் காத்துக்குப் பில்டர் காயிதம் கிழியாம இருக்குமா? புழுதி பூராம் உள்ள போயிருச்சுங்க. சரி பண்ண ஒரு மாசமாவது ஆகும்."

நீ ஒரேயடியாகப் போவதைத் தடுக்கவே இப்படிச் செய்தேன் என்று நினைப்பாய். சத்தியமாக இல்லை.

ஆனால் ஒரு மாதம் என்று அவர் சொன்னதும், ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க முடியவில்லை.

இன்றுவரை உன் கணவன்