இருபதாவது துவைப்பில் கிழிந்த துணி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு

இரண்டு பாலிமர்களைக் கலந்து நூற்ற நானோ இழைத் துணி இன்று என் தரச் சோதனையில் இருபதாவது துவைப்பிலேயே கிழிந்தது. ஐம்பது துவைப்பு தாங்கும் என்று சொல்லியிருக்கிறோம். இரும்பு வார்ப்படத் தொழிலாளர்களுக்கு அதில்தான் முகக்கவசம் தைக்கப் போகிறார்கள். தூசி நுரையீரலுக்குள் போகாமல் அந்த மெல்லிய படலம்தான் தடுக்க வேண்டும்.

மேலாளர் கிழிசலைப் பார்த்துவிட்டு, "வேற ரோல்ல வெட்டி டெஸ்ட் பண்ணி எழுதிடுங்க" என்றார்.

அவர் போனதும், இழை நூற்கும் இயந்திரத்தை ஓட்டும் தேவகி அருகில் வந்து நின்றாள்.

"மேடம், அந்த ரோல் ஓட்னப்போ செம மழ. ஈரம் இழுக்குற மிஷின் ரிப்பேரா கெடந்துச்சி. நிறுத்துனா திட்டுவாங்கன்னு ஓட்டிகினே இருந்துட்டேன். என் வேல போய்டுமா?"

ஈரக் காற்றில் நூற்றால் இழை வலுவிழக்கும். அந்த ரோல் ஓடிய நாளின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஈரப்பதம் எல்லை தாண்டியதை அவள் சரியாகவே எழுதியிருந்தாள். அதன் கீழே என் கையெழுத்து இருந்தது. படிக்காமலே போட்டிருக்கிறேன்.

துணி கிழிந்ததை அறிக்கையில் எழுதினேன். பார்க்காமல் கையெழுத்திட்டது நான் என்பதையும் எழுதினேன். மேலாளர் படித்தார். லாரியில் ஏற்றியிருந்த ரோல்களை இறக்கச் சொன்னார். அறிக்கையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தத்தில் தேவகி கேட்டாள். "நாளைக்கு நான் வர்லாமா மேடம்?"

"வா" என்றேன்.

நான் போகலாமா என்று யாரைக் கேட்பது?