‘ஆங்’ என்றது பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. குற்றவாளி நான். குளிக்கப் போகும்போது மனைவி, “எழுந்துட்டீங்களா? பாலைப் பாத்துக்கறீங்களா?” என்று கேட்டாளாம். நான் கண்ணைத் திறந்து “ஆங்” என்றேனாம். சத்தியமாக நினைவில்லை.

அந்தக் கோபத்தோடு பழைய பேச்சு. மாடி வீடு காலியாகக் கிடக்கிறது, தன் தம்பியைக் குடி வைக்கலாம் என்கிறாள். ஆபீஸிலும் அவன், தலைக்கு மேலும் அவனா? முடியாது என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டேன். முழு விழிப்போடு.

நாளை மதியம், ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் இரண்டு நெட்வொர்க் பெட்டிகளில், அதாவது ஸ்விட்சுகளில், முதலாவதற்குப் புது மென்பொருள் ஏற்றி, அணைத்து எழுப்ப வேண்டும். பயமில்லை. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டு கேபிள், ஸ்விட்சுக்கு ஒன்றாக. ஒன்று படுத்தால் மற்றது சுமக்கும்.

மார்ச் 4, புதன்

படுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. எழுந்தபோதுதான் வினை.

ஸ்விட்ச் அணைந்ததும் சர்வர்கள் சமர்த்தாக அடுத்ததற்குத் தாவின. நான் பெருமையாக டீ குடிக்கப் போனேன். ஸ்விட்ச் திரும்ப எழுந்த நேரத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லா நோயாளிகளின் நாடியையும் மூச்சையும் காட்டும் பெரிய திரை இருண்டுவிட்டது. நர்ஸுகள் ஆளுக்கொரு படுக்கையாக ஓடி நின்றார்கள். ஒன்றரை நிமிடத்தில் தானாகவே வந்தது. படுக்கையோர மெஷின்கள் நிற்காததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என் காதுக்குத்தான் ஆனது. தலைமை நர்ஸ் போனில், “எங்க கண்ணைக் கட்டிட்டு நீங்க டீ குடிக்கப் போனீங்களா சார்?”

டீ விஷயத்தைப் போட்டுக்கொடுத்தது யார்? கேண்டீன்காரர்தான். நாளை அவர் வடையைப் பற்றி நானும் நாலு இடத்தில் பேசுகிறேன்.

மார்ச் 5, வியாழன்

விசாரணை. நிர்வாக அதிகாரிக்கு ‘அப்புறம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்; அந்தச் சொல் இல்லாமல் அவருக்கு வாக்கியம் தொடங்காது. நெட்வொர்க்குக்கு நான், சர்வருக்கு மச்சினன், இருவரையும் நிற்க வைத்தார். மச்சினனுக்கு நான் வீட்டில் மாமா, ஆபீஸில் சார்.

“அப்புறம், தப்பு யார் பக்கம்?”

“என் ஸ்விட்சுல கேபிள் மாட்டற போர்ட் அத்தனையும் பச்சை லைட் சார். பதிவு இருக்கு,” என்றேன்.

“பச்சையா இருந்ததாலதான் சார் சர்வர் அங்க திரும்பிப் போச்சு,” என்றான் மச்சினன். “போனா ஆளில்ல.”

“ஆளில்லாம லைட் எரியுமா?” என்றேன்.

அறையே சிரித்தது. சிரிக்க வைத்தவன் ஜெயித்தான். நியாயம் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. பதினைந்தாம் தேதி இரண்டாவது ஸ்விட்சுக்கும் இதே வேலை. அன்றும் திரை இருண்டால் மச்சினனுக்குக் கிளை ஆஸ்பத்திரிக்கு மாற்றல். ராத்திரி முழுக்க ரயிலில் போகும் தூரம். அவன் மனைவிக்கு வேலை இங்கே, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இங்கே.

மார்ச் 6, வெள்ளி

மனைவி பேசவில்லை. சாப்பாடு பேசியது. உப்பில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மதியத் தூக்கம். கொடியில் போர்வைகள். “மழை வருது, எடுத்துடறீங்களா?” என்றாளாம். “ஆங்” என்றேனாம். எழுந்து பார்த்தால் போர்வைகள் குளித்துக்கொண்டிருந்தன.

அதோடு இரண்டு நாள் மௌனம் முழுதாக உடைந்தது. “கண்ணு தொறந்திருக்கு, வாய் ஆங்குங்குது, உள்ள ஆள் இன்னும் வந்து சேரல. இதை நம்பி வேலை சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!”

சொட்டும் போர்வையோடு அப்படியே நின்றேன். உள்ளே ஆள் வந்து சேரல...

அந்தப் பெட்டியும் அப்படித்தானோ? எழுந்ததும் முதலில் விளக்கைப் போட்டுவிடும். தான் யார், எந்த வழி எங்கே போகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் அதற்கு ஞாபகம் வரும். சர்வர் பாவம், விளக்கை நம்பி ஓடி வருகிறது. அந்தப் பச்சை விளக்கு — ஐயோ, அது வெறும் “ஆங்”!

“போர்வையைப் பிழியப் போறீங்களா, பிரசங்கம் பண்ணப் போறீங்களா?” என்றாள்.

மார்ச் 9, திங்கள்

ஸ்டோர் ரூமில் அதே ரகத்தில் ஒரு உபரி ஸ்விட்ச். லேப்டாப்பை மாட்டி எழுப்பிப் பார்த்தேன். விளக்கு உடனே வந்தது. அனுப்பியது எதுவும் மறுபக்கம் போய்ச் சேரவில்லை. ஒன்றரை நிமிடம் கிணற்றில் போட்ட கல். பிறகு, எதுவுமே நடக்காதது போல ஓடத் தொடங்கியது. என்னைப் போலவே.

‘எழுந்த பின்னும் இவ்வளவு நேரம் போர்ட்டைத் திறக்காதே’ என்று சொல்ல அதில் ஓர் இடம் இருக்கிறது. பூஜ்யம் என்றிருந்தது. சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் பதினைந்தாம் தேதி தப்பிவிடும், நான்காம் தேதிப் பழி மச்சினன் தலையிலேயே தங்கிவிடும். ஆசையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஆசையை அனுபவித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

“சார், ஆளில்லாமலும் லைட் எரியும்.”

“அப்புறம்?”

“அப்புறம்... அது என் லைட்டுதான் சார்.”

இந்த முறையும் அறை சிரித்தது. அதில் நான் சேரவில்லை.

மார்ச் 11, புதன்

ஸ்விட்ச் எழுந்த பின் போர்ட்டை எவ்வளவு நேரம் பூட்டி வைப்பது? இரண்டு நிமிடம் போதும் என்றேன்.

“மாமா, நீங்க முழிச்சப்புறம் அக்கா எவ்ளோ நேரம் கழிச்சு வேலை சொல்லணும்?” ஆபீஸிலேயே மாமா என்கிறான், கொழுப்பு.

“பத்து நிமிஷம் கழிச்சு சொன்னா நல்லது, மாப்ளே.”

“பெட்டி உங்களைவிட சுறுசுறுப்பு. அஞ்சு வைங்க.”

இரண்டு ஸ்விட்சிலும் ஐந்து வைத்தேன். அந்த ஐந்து நிமிடமும் எல்லாம் ஒற்றைக் கேபிளில் ஒற்றைக் காலில் நிற்கும். நிற்கட்டும். தூங்குகிறவன் தோளில் சாய்வதைவிட அது மேல்.

மார்ச் 15, ஞாயிறு

மச்சினன் சர்வர் அறையில், நான் தீவிர சிகிச்சைப் பிரிவில், நடுவில் போன். தலைமை நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தார். ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு நர்ஸை நிறுத்தியிருந்தார்.

“அணைச்சாச்சு மாமா.” திரை ஓடியது.

“எழுந்துடுச்சு. போர்ட் எல்லாம் இருட்டு.” ஓடியது. அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு ஐந்து வயது கூடியது.

“பச்சை. சர்வர் திரும்பிப் போகுது... போயிடுச்சு.” ஓடியது. கண் சிமிட்டக்கூட இல்லை.

தலைமை நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எப்ப சார் ஆரம்பிக்கப் போறீங்க? எனக்கு வேலை கிடக்கு.”

“முடிஞ்சிடுச்சும்மா.”

திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப டீ குடிக்கப் போகலையா?”

மார்ச் 18, புதன்

மாற்றல் பேச்சு போயே போயிற்று. சாப்பாட்டில் உப்பு வந்தது.

மார்ச் 22, ஞாயிறு

விடிந்ததும் வாசலில் ஒரு லாரி. அதிலிருந்து பீரோ, கட்டில், மச்சினன்.

“என்ன இது?” என்றேன்.

“மாடிக்குத்தான்,” என்றாள் மனைவி. “வியாழக்கிழமை காலைல கேட்டேனே. கண்ணைத் தொறந்து ஆங்னீங்களே.”

ஆஸ்பத்திரியின் போர்ட்டையெல்லாம் பூட்டி வைத்தவன் இந்த வாயைப் பூட்ட மறந்துவிட்டேன். அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

பீரோவின் ஒரு முனையைப் பிடித்தேன். நல்ல கனம். மேல்படியிலிருந்து மச்சினன் கேட்டான்:

“மாமா, முழிச்சுட்டீங்கதானே?”

“ஆங்,” என்றேன்.

பீரோவைக் கீழே வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தான்.