சாக்குப் படுதாவுக்குப் பின்னால்

மார்ச் 21, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். மூன்றாம் ஆண்டு பிரிவு விழாவுக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். ஞாயிறு, துரையின் மாமா தோப்பில். "பீர் இல்லாம என்னடா பிரிவு?" என்றான் துரை. வகுப்பே கைதட்டல்.

முருகேசன் (இனி மு.) மட்டும் வரமாட்டானாம். போன வருடம் சீனியர்கள் விழாவில் வெறும் வயிற்றில் இருந்தவனைப் பிடித்து ஊற்றிவிட்டார்கள். கையை அமுக்கிப் பிடித்தது இந்தத் துரைதான். திரும்பும் வழியில் மு. சைக்கிளோடு சுண்ணாம்புக்கல் குவாரிக் குழியில் விழுந்தான். வலது கை முறிந்து, பரீட்சையும் போயிற்று. அன்றிலிருந்து சைக்கிளைத் தொடுவதில்லை. எங்கும் நடைதான்.

"ஞாயித்துக்கெழம சிறுவாச்சூர் கோயிலுக்குப் போறேன்டா" என்றான் இன்று.

"அங்க வெள்ளியும் திங்களுந்தானடா நட தொறக்கும். யார்ட்ட கத விடற?"

சிரித்துவிட்டான். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. மு. பாடாத விழா எனக்கு விழாவே இல்லை. விடுவதாக இல்லை.

மார்ச் 23, வெள்ளி

சலவைத் துணி வரவில்லை. விழாச் சட்டங்கள் மட்டும் தயார்:

- பகலிலேயே விழா. பொழுது சாய்வதற்குள் முடிவு.
- முதலில் பிரியாணிப் பந்தி. இலையில் உட்காராதவனுக்கு டம்ளர் இல்லை.
- சாராயம் தோப்புக்குள்ளேயே வரக்கூடாது.
- சைக்கிள் சாவி எல்லாம் என்னிடம். திரும்புவது மாமாவின் டிராக்டரில்.

துரைக்குக் கோபம். "சாப்புட்டுட்டு எவன்டா குடிப்பான்? ஏறவே ஏறாது." ஏறக்கூடாது என்பதற்குத்தானே ஐயா இவ்வளவும்!

முக்கியமானது கடைசியில். பம்புசெட் கொட்டகை வாசலில் சாக்குப் படுதா. ஓட்டுப் போடப் போவதுபோல ஒவ்வொருவனாக உள்ளே வரவேண்டும். பீரா, பன்னீர் சோடாவா என்று என் காதில் சொன்னால் போதும். எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். ஊற்றுவது நான் ஒருவன். நான் குடிக்கப் போவதில்லை.

மு.விடம் சொன்னேன். "தொர மோந்து பாத்தான்னா?"

"மோந்து பாக்கறவனுக்கு அடுத்த டம்ளர் கெடயாது."

"பாப்பம்" என்றான். போதும் எனக்கு.

மார்ச் 25, ஞாயிறு

வெற்றி! கையெல்லாம் பன்னீர் வாசம். மு. வந்தான்! நடந்தே வந்து முதல் ஆளாக இலையில் உட்கார்ந்தான். பிரியாணியில் உப்புக் குறைவு. ஆனாலும் எல்லா இலையும் காலி.

கொட்டகைக்குள் வந்த மு. எதுவும் கேட்கவில்லை. சோடா ஊற்றினேன். டம்ளரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி வெளியே போனான். அடுத்து துரை. படுதாவை விலக்கி ஒருமுறை வெளியே பார்த்துக்கொண்டான். "டேய், எனக்கும் சோடாவே ஊத்து. கசக்குதுடா அந்தக் கருமம். வெளிய சொன்னே, கொன்னுருவேன்."

ஊற்றினேன். வெளியே போய் அவன் தள்ளாடிய அழகு! மு.வின் தோளில் சாய்ந்து, "மாப்ள, போன வருசம் தப்பு பண்ணிட்டன்டா, மன்னிச்சுக்கடா" என்று அழுதான். போதை என்று எல்லாரும் சிரித்தார்கள். அது சோடா அழுகை என்று எனக்கல்லவா தெரியும். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மு. அவன் முதுகில் ஒன்று வைத்தான். பிறகு பாட ஆரம்பித்தவன் டிராக்டர் ஏறும்வரை நிறுத்தவில்லை.

முதலில் தீர்ந்தது சோடா. பீர் மிச்சம்!

மார்ச் 26, திங்கள்

நல்ல வெயில். தோப்பில் விட்ட சைக்கிளை எடுக்கக் கிளம்பினேன். "நானும் வரேன்" என்று மு.வும் கூடவே நடந்தான். வழியெல்லாம் துரை ஹாஸ்டலில் விடும் கதையைச் சொல்லிச் சிரிப்பு. நேற்று எவ்வளவு குடித்தும் ஸ்டெடியாக இருந்தானாம். நான் வாயைத் திறக்கவில்லை.

தோப்பில் என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டான். "பின்னாடி உக்காரு."

"டேய், கை..."

"உக்காருடா."

குவாரி வளைவு வந்தது. சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. குழி ஓரமாகவே ஓட்டினான். அது கண்ணில் பட்டதிலிருந்து தாண்டும்வரை விடாமல் மணியடித்தான்.