பலகையைத் தாண்டி நின்ற பஸ்

நேற்று மகளோடு சென்னையில் மெட்ரோ ரயிலில் போனேன். அடுத்து வரும் நிலையத்தின் பெயரை ஒரு பெண் குரல் பதமாகச் சொல்கிறது. வண்டி நிற்கிறது, கதவு திறக்கிறது. ஒரு நிலையத்தில் ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. அப்போதும் நின்றது. யாரும் கேட்காமலே நிற்கிற வண்டியைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது, தோழி. இனிமையாக வரவில்லை. வயிறெரிந்துதான் வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். நீயும் நானும் அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில் தினக்கூலி ஆயாக்கள். செந்துறையிலிருந்து வருகிற பஸ் முதலில் ஊருக்குள் நிற்கும், பிறகு நம் தெருவை உரசிக்கொண்டு அரியலூருக்குப் போகும். நம் தெருவில் நிற்காது. அதனால் காலையில் ஊர் வரைக்கும் எதிர்ப்பக்கமாக நடப்போம். நம் அப்பன் ஆத்தா யார் யார் காட்டில் கூலிக்கு நின்றார்களோ, அவர்களெல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு படியில் கால் வைப்போம். சாயங்காலம் இன்னும் மோசம். ஜன்னல் வழியே உன் வீட்டு விளக்கு தெரியும், கூப்பிட்டால் கேட்கிற தூரம். அதைத் தாண்டிப் போய் ஊரில் இறங்கி, இருட்டில் திரும்ப நடக்க வேண்டும்.

கண்டக்டரிடம் கேட்டாய். "அங்க ஸ்டேஜ் இல்லம்மா. நான் விசில் ஊதுனா எனக்கு மெமோ வரும்" என்றார். டிக்கெட்டுக்குக் கணக்கு வைக்கிற நிறுத்தத்துக்குத்தான் ஸ்டேஜ் என்று பெயர் என்பதே நமக்கு அன்றுதான் தெரியும். நீ விடவில்லை. வேலை முடிந்து டிப்போவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

"போட்டுடலாம்மா. ஊர்ல நாலு பேரு வேண்டாங்குறாங்களே, அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் அந்த அதிகாரி.

"எங்களுக்கு என்ன பதில் சொல்றீங்க சார்?"

அடுத்த வாரம் வரச் சொன்னார். நாம் போய்க்கொண்டே இருந்தோம். கடைசியில் ஒரு நாள் தெருப் பெண்களையெல்லாம் கூட்டி வந்து பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் உட்கார வைத்தாய். உள்ளே இருந்தவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுதக் கை கூசுகிறது. நீ எழுந்திருக்கவில்லை. போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார், கொஞ்ச நாளில் நம் தெருவுக்கு 'பஸ் நிற்கும் இடம்' என்ற பலகையும் வந்தது.

முதல் நாள் நீ பண்ணிய அமர்க்களம்! புது வண்டிக்குச் செய்வதுபோல ரேடியேட்டருக்கு மாலை போட்டாய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாய், தேங்காய் உடைத்தாய். டிரைவர்கூடச் சிரித்தார். அன்று பலகைக்கு நேராக நின்றது.

மறுநாள் பலகையைத் தாண்டி, மதகுப் பக்கம் போய் நின்றது. ஓடினோம். அதற்கடுத்த நாளும் மதகுதான். "பிரேக் சரியா புடிக்கலையாட்டம்டி. பாவம், பழைய வண்டி" என்றாய். எவ்வளவு நல்ல மனசு உனக்கு! வண்டிக்குச் சிரமம் வேண்டாம் என்று தெருவையே மதகுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாய். அன்றைக்குப் பிரேக் அருமையாகப் பிடித்தது. பலகைக்கு நேராக நின்றது பஸ். நாம் அத்தனை பேரும் மதகிலிருந்து பின்னால் ஓடி வந்தோம். உள்ளே ஜன்னலோரம் சிரிப்பு. அப்போதுதான் உனக்குப் புரிந்தது. உன் முகத்தை நான் பார்த்தேன், இன்றைக்கும் மறக்கவில்லை.

ஸ்டேஜ் போட்டால் நிறுத்த வேண்டும் என்று சட்டம். எங்கே நிறுத்துவது என்பது டிரைவர் காலில் இருந்தது. அந்தக் காலுக்கு உத்தரவு ஊரிலிருந்து போனது.

ஒரு மழைநாள் அப்படி ஓடும்போதுதான் விழுந்தாய். ஒரு காலைப் படியில் வைத்துவிட்ட நான் குதித்து இறங்கி வந்தேன். இரண்டு விசில் கேட்டது, பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு உன் முட்டி சரியாகவே இல்லை. நீ விந்தி விந்தி வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தார்கள். நேரத்துக்கு வரவில்லை என்று ஆஸ்பத்திரியில் உன்னை நிறுத்தினார்கள். பஸ்ஸைத்தான் நிறுத்தச் சொன்னாய், நிறுத்தியது உன்னை. நான் ஓட முடிந்தவள், அதனால் வேலை தங்கியது, பிறகு நிரந்தரமும் ஆனது. பென்ஷன் வாங்குகிறேன். நீ முந்திரிக்கொட்டை உடைத்து, அந்தத் தோட்டு எண்ணெயில் கை வெந்தாய்.

போன மாதம் உன் உடம்பைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் அந்தப் பலகைக்கு நேராக, ஓர் அடிகூடத் தாண்டாமல் நின்றதாம். உன் மகன் போனில் சொன்னான். இப்போது பஸ்ஸும் ஒழுங்காக நிற்கிறது என்கிறார்கள். நிற்கட்டும். எனக்கு மனசு ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் இல்லை.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். திரும்பும்போது ரயில் பிளாட்பாரத்துக்குள் நுழைந்தது. சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடத் தொடங்கிவிட்டேன்.

மகள் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். "ஏம்மா ஓடுற? நாம நிக்கிற எடத்துலயேதான் கதவு தொறக்கும்."

அவளுக்கு என்ன தெரியும்? கதவு திறக்கிற வரைக்கும் நான் நம்பவில்லையடி.