விழுகிறவனின் கை

பத்து நாளாக என் வலது கை நாறுகிறது, பாய். சோப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். உன் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது கிடைத்ததென்று உன் மனைவி, என் பாபி, அந்தச் செப்புக் காசை என்னிடம் தந்தார். ஆட்டுத்தோல் துண்டில் சுற்றி வைத்திருந்தாய். பிரித்ததுமே அழுகிய முட்டை வாடை. உன்னைக் கொண்டுபோன தொட்டியின் வாடை. என் மனைவி என் விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லியே" என்கிறாள்.

வேலூர் லாங் பஜாரில் பழைய பூட்டும் எடைக்கல்லும் குவித்திருந்த தள்ளுவண்டியில் நீ அதைப் பொறுக்கினாய். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. ரோமாபுரிக் காசு என்று நீ சொன்னபோது, "ஆமா, அந்த ராஜா பிரியாணி துன்ன ஆம்பூர் வந்தப்போ போட்டுட்டுப் போய்ட்டாரு" என்று கிண்டல் செய்தேன். நீ கண்டுகொள்ளவில்லை. மறுநாள் தொழிற்சாலையில், தோலைத் தரம் பிரிக்கும் நம் மேசையில், சன்னல் வெளிச்சத்துக்கு அதைச் சாய்த்துப் பிடித்தாய். தோலை நாம் அப்படித்தான் பார்ப்போம். சாய்த்தால்தான் முள் கீறியதும் உண்ணி கடித்ததும் எழுந்து நிற்கும். ஆடு உயிரோடிருந்தபோது பட்டதெல்லாம் தெரியும்.

காசிலும் எழுந்து நின்றார்கள். கேடயம் பிடித்த ஒரு சிப்பாய். அவன் ஈட்டிக்குக் கீழே, குதிரையிலிருந்து சரிகிற ஒருவன். சரிகிறவனுக்கு முகம் தேய்ந்துபோயிருந்தது. ஒரு கை மட்டும் பின்பக்கம் உயர்ந்து, ஐந்து விரலும் விரிந்திருந்தது. உயிருக்குக் கெஞ்சுகிறான் என்றேன் நான்.

"இல்ல தோஸ்த். கெஞ்சறவன் கையச் சேத்து வெப்பான். இவன் வெரல விரிச்சிருக்கான் பாரு. பின்னாடி வர்றவங்கள நிறுத்தறான். வராதீங்கன்றான்."

"பின்னாடி யாரு வர்றா? காசுல இவங்க ரெண்டு பேர்தான கீறாங்க?"

நீ காசை என் பக்கம் திருப்பினாய். "பாக்கறவங்கதான் வர்றாங்க. நாமதான்."

"பேஜார் பண்ணாத" என்று சொல்லிவிட்டு என் தோல்கட்டுக்குத் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று வருடம், சாப்பாட்டு நேரமெல்லாம் நமக்குள் இதே வழக்குதான். கடைசியில் நான்தான் தோற்றேன். உன் கண்ணால் பார்க்கப் பழகிவிட்டேன்.

பிறகு அந்த மத்தியானம். கழிவுநீர்த் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. ஆள் வரட்டும் என்று நான் சொல்லச் சொல்ல, இரண்டு படி இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாய். சத்தமே இல்லை. தொட்டி விளிம்புக்கு மேலே உன் கை மட்டும் எழுந்தது. ஐந்து விரலும் விரிந்திருந்தன. உன் சத்தம் கேட்காமல் ஓடி வந்துகொண்டிருந்த நான் பத்தடி தள்ளி நின்றுவிட்டேன். யோசித்து நிற்கவில்லை, கால் தானாக நின்றது. கை கீழே போயிற்று. கயிறும் முகமூடியுமாக ஆட்கள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கமான மூன்றாம் நாள், பாபி திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார். "அவரு உங்களக் கூப்ட்டாராண்ணா?"

"இல்ல பாபி. வராதன்னான்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒரு வருடமும் அவர் எழுந்து நடமாடுகிறார். நானும்தான்.

காசு கைக்கு வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. வேலூரில் பழங்காசு படிக்கத் தெரிந்த ஒரு பேராசிரியையிடம் கொண்டுபோனேன். அவர் பூதக்கண்ணாடியில் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"இந்த மாதிரி நெறைய கெடச்சிருக்குங்க. ரோமச் சிப்பாய் எதிரியக் குத்தறான். ஜெயிச்சோம்னு ஊருக்கெல்லாம் காட்டிக்க அடிச்ச காசு. விழறவன் உயிர்ப்பிச்சை கேக்கறான், அவ்ளோதான்."

"அந்த விரலுங்க?"

"விரலா? அது கீறலுங்க. யாரோ உப்புத்தாள் போட்டுத் தேச்சிருக்காங்க."

யாரோ இல்லை, நீதான். தோலின் மேற்பரப்பைத் தேய்த்துச் சமனாக்குகிற தாளால், வாங்கிய அன்றே நீ அந்தக் காசைத் துலக்கினாய். நானே பார்த்தேன். காசையும் தோல் என்று நினைத்துவிட்டோம், பாய். நீ போட்ட கீறலை நீயே விரல் என்று படித்தாய். எனக்கும் படித்துக் காட்டினாய். கோபம் வந்தது. உன் மேலா, என் மேலா என்று தெரியவில்லை.

நேற்று உன் வீட்டுக்குப் போய் பாபியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. "கை எப்டி இருந்துச்சு? காமிங்கண்ணா" என்றார். வலது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று கையை இறக்க நினைத்தேன். அது இறங்கவில்லை.

உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த உன் மகள் கதவிடுக்கில் என் கையைப் பார்த்திருக்கிறாள். புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"கூப்ட்டீங்களா அங்கிள்?"

பாபி தரையைப் பார்த்தார்.

விழுகிறவன் விரல் விரித்தால் வராதே என்று அர்த்தம் கொண்டவர்கள் இந்த உலகத்தில் நாம் இருவர் மட்டும்தான். என்னைப் பார்த்து நீ அதைத்தான் சொல்லியிருப்பாய் என்று இன்று காலைகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி நம்புகிறேன். ஆனால் அதே கையைப் பார்த்து அன்று நான் நின்றேன், நேற்று உன் மகள் ஓடி வந்தாள். இனி நான் சுமக்கப்போவது இதைத்தான். மன்னித்துவிடு என்று கேட்க வருகிறது, பாய். அதற்கும் நீ அன்று என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரிய வேண்டுமே.