கவிழ்த்து வைத்த படங்கள்

ஜனவரி 8, புதன்

வண்டி இன்றைக்கும் முனகிக்கொண்டேதான் கிளம்பியது. வழியில் நடீனை ஏற்றிக்கொண்டேன். காபிக் குவளையைக் கட்டிப்பிடித்தபடி ஏறினாள். கையில் நான் பின்னிக் கொடுத்த விரல் நுனியில்லாத கையுறை. நீலக் கம்பளி நூல் போதாமல் இடது கட்டைவிரலை மட்டும் பச்சையில் முடித்திருந்தேன். அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

"நாலு குளிர்காலம் ஆச்சு. என் மூக்கு இருக்கா விழுந்துடுச்சான்னு இன்னும் தொட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு," என்றாள். தெற்கே மின்னியாபொலிஸ் நகரத்தில் வளர்ந்தவளுக்கு இந்த வடக்குக் குளிர் பழகாது. பழகவும் வேண்டாம். அவள் புலம்பல் இல்லாமல் எனக்குப் பொழுது விடிவதில்லை.

ஆறாம் வகுப்புக்கு இன்று அமைதி நேரம். 'தியானம்' என்ற சொல் வாயில் வரக்கூடாது என்பது தலைமையாசிரியர் ஓல்ஸ்டாட்டின் உத்தரவு. போன வருடம் ஒரு பிள்ளையின் அம்மா என் சின்ன வெண்கல மணியைப் பார்த்துவிட்டு இது எந்தச் சாமிக்கு என்று கேட்டுவிட்டாராம். மணி வீட்டுக்கு வந்துவிட்டது. இசை வகுப்பிலிருந்து ஓர் இரும்பு முக்கோணம் வாங்கி வைத்திருக்கிறேன். தட்டினால் பண்ணையில் சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது. ட்ராவிஸ் தவறாமல் கேட்பான்: "இன்னைக்கு என்ன சாப்பாடு மிஸ்?"

பிறகு அடங்கிவிடுவார்கள். கண்ணை மூடுங்கள். நாற்காலி உங்களைத் தாங்குகிறது. மூச்சு வருகிறது, போகிறது, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். யாரும் உங்களைத் தொந்தரவு செய்யாத ஓர் இடத்துக்குப் போங்கள். இப்போது கண்ணைத் திறந்து அந்த இடத்தை வரையுங்கள். வரைந்ததைக் கவிழ்த்து இழுப்பறையில் வைத்துவிட வேண்டும். யாரும் பார்க்கமாட்டார்கள், நானும்தான். இது ஒன்றுதான் என் சட்டம்.

இந்த வார்த்தைகள் என்னுடையவை அல்ல. என் கணவன் டேல் என்னை விட்டுப் போன வருடம், தூக்கமில்லாமல் நான் திரிந்தபோது, நடீன் என் சமையலறையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னவை. அவள் பள்ளியின் ஆலோசகர், அழுகிறவர்களை உட்காரவைப்பது அவள் வேலை. ஆனால் அன்றைக்கு அவள் வந்தது வேலைக்காக அல்ல. இப்போதும் புதன்கிழமைகளில் என் வகுப்பில் கடைசி வரிசையில் வந்து கண்ணை மூடி உட்காருகிறாள்.

ஜனவரி 15, புதன்

ஐலா கோஸ்கெலா இன்று வாயைத் திறந்தாள். செப்டம்பரிலிருந்து என்னிடம் அவள் பேசியதை எல்லாம் ஒரு வரியில் எழுதிவிடலாம். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அப்பா ரெய்னோவுடன் ஏரிக்கரையில் இருக்கிறாள்.

"மெய்யாவே யாரும் பாக்கமாட்டாங்களா?"

"நானே பாக்கமாட்டேன்."

பின்னால் நடீன் தலையாட்டினாள், அவளும் சேர்ந்து சத்தியம் செய்கிற மாதிரி. ஐலா கறுப்பு மெழுகுக் குச்சியை எடுத்து, அது ஒடிகிறவரை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். ஒடிந்த துண்டாலும் தேய்த்தாள். போகும்போது கை முழுக்கக் கறுப்பு, முகத்தில் ஏதோ ஒரு நிம்மதி. எனக்கு அவ்வளவு போதும்.

ஜனவரி 16, வியாழன்

தலைவலி. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். இழுப்பறையைப் பூட்டினேனா என்று பாதி வழியில் சந்தேகம். நடீனிடம் மாற்றுச் சாவி இருக்கிறதே, பார்க்கச் சொன்னேன். "பூட்டித்தான் இருந்துச்சு, போய்ப் படு," என்று செய்தி அனுப்பினாள்.

ஜனவரி 22, புதன்

அமைதி நேரத்தின் நடுவில் ஒலிபெருக்கி கரகரத்தது. ஐலா கோஸ்கெலாவை அலுவலகத்துக்கு அனுப்பவும்.

எல்லாரும் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்கள். ஐலா என்னைப் பார்த்தாள். போ கண்ணு, ஒன்றுமிருக்காது என்றேன். நானே அனுப்பிவைத்தேன்.

மாவட்டக் குழந்தை நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். மூடிய அறையில் வைத்து ஐலாவிடம் கேட்டிருக்கிறாள்: அப்பா உன்னை எங்கேயாவது அடைத்து வைக்கிறாரா? ஆயுதம் எதையாவது காட்டிப் பயமுறுத்துகிறாரா? அதே நேரத்தில் இன்னொருவர் ரெய்னோ வேலை செய்யும் மர ஆலைக்கே போயிருக்கிறார். ஆலைக்கு. எல்லார் முன்னிலையிலும்.

ரெய்னோவோடு நானும் இதே பள்ளியில் படித்தவள். வகுப்புத் தவளையை அறுக்க மாட்டேன் என்று அழுத ஆள்.

நடீன் இன்று என் வகுப்புக்கு வரவில்லை, வேலை அதிகமாம். திரும்பும்போது வண்டியில் அவளிடம்தான் கொட்டித் தீர்த்தேன். "பாவம் அந்தப் பொண்ணு," என்றாள். "யார் கிளப்பிவிட்டாங்களோ. சின்ன ஊரு, வாய் சும்மா இருக்காது." என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஜனவரி 24, வெள்ளி

முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

என்னையும் கூப்பிட்டார்கள். ஓல்ஸ்டாட்டின் அறை. அந்த மாவட்டப் பெண் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இது உங்கள் வகுப்பில் வரைந்ததா என்று கேட்டாள்.

ஜன்னலே இல்லாத கறுப்பு அறை. தரையில் சதுரமாக ஓர் ஓட்டை, அதிலிருந்து பச்சை வெளிச்சம். ஓட்டையின் இந்தப் பக்கம் ஒரு சிறுமி, கையில் ஒரு கயிறு. அந்தப் பக்கம் பெரிய ஆள், கையில் முள் முள்ளாய்க் கவர் விட்ட நீண்ட ஈட்டி. இருவரும் குனிந்திருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஐயோ, இது இருட்டுக் குடில். ஏரி உறைந்ததும் மீன் பிடிக்கப் பனிக்கட்டிமேல் இழுத்துக்கொண்டு போய், அடியில் ஓட்டை வெட்டி நிறுத்துவோமே, அது. உள்ளே வெளிச்சம் புகாமல் அடைத்தால்தான் கீழே தண்ணீர் விளக்குப் போட்டது மாதிரித் தெரியும். மரத்தில் செதுக்கிய பொய் மீனை, மரமீனை, கயிற்றில் கட்டித் தண்ணீரில் ஆட்டுவது சின்னவர்கள் வேலை. பெரிய மீன் அதைப் பார்க்க வரும், ஈட்டியை இறக்க வேண்டும். மணிக்கணக்கில் பேசாமல், அசையாமல் உட்கார வேண்டும். நான் ஐலா வயதில் எத்தனை சனிக்கிழமை அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

"எனக்கும் பாத்ததுமே அதுதான் தோணுச்சு," என்றாள் அந்தப் பெண். "எங்க மாமாவும் வச்சிருக்காரு. ஆனா ஒருத்தர் எழுதிக் குடுத்துட்டா நான் போய்க் கேட்டே ஆகணும். இப்ப விஷயம் முடிஞ்சது, ஒண்ணுமில்லன்னு எழுதிடுவேன்."

யாரும் தொந்தரவு செய்யாத இடத்துக்குப் போ என்றேன். அவள் அங்கே போயிருக்கிறாள். அவ்வளவுதான்.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன். புகைப்படத்தின் ஓரத்தில் தாளைப் பிடித்திருக்கும் ஒரு கை. நீலக் கையுறை. கட்டைவிரல் பச்சை.

எழுந்து வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

மாலையில் வழக்கம்போல வண்டியில் ஏறினாள். அதே கையுறை. "யாருன்னு ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"சொல்லல," என்றேன்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கப் பார்த்தேன். மூச்சு வருகிறது, போகிறது. உள்ளே கேட்டது அவள் குரல். சீ, எழுந்துவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

இரண்டு நாளாக அவளுக்காக நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன். சந்தேகம் வந்தால் சொல்ல வேண்டும் என்பது சட்டம், எனக்கும் அதுதான் சட்டம். நிஜமாகவே ஒரு குழந்தை அடைபட்டுக் கிடந்திருந்தால்? அப்போது அவள் செய்தது சரிதானே? சரிதான். அப்புறம் ஏன் என் நெஞ்சு இப்படி எரிகிறது?

ஜனவரி 27, திங்கள்

பள்ளி வருவதற்கு முன்பே வழியில் வண்டியை ஓரம் கட்டினேன்.

"போட்டோல உன் கட்டைவிரல் இருக்கு, நடீன்."

கையுறையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "சட்டம்டி. எனக்கு வேற வழியில்ல," என்றாள்.

"தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. இந்த வண்டியிலேயே, இதே சீட்ல உக்காந்து. மீன் பிடிக்கிற குடில்னு ஒரு வரியில சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல. நீ என்ன சொல்லியிருப்பே? ரெய்னோவா, தங்கமான ஆளுன்னு சொல்லியிருப்பே. இந்த ஊர்ல எல்லாருக்கும் எல்லாரும் தங்கம். நான் இதுக்கு முன்னாடி வேலை பாத்த இடத்துலயும் அப்படித்தான் சொன்னாங்க, பெரிட். அந்தப் பையன் செத்துப்போனான்."

அதை அவள் இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதில்லை. ஒரு நிமிடம் எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளக்கூடத் தோன்றியது.

"சரி. அதுக்கு அப்புறம் என் தோளைத் தட்டிக் குடுத்தியே. யார் கிளப்பிவிட்டாங்களோன்னு என்கிட்டயே கேட்டியே. ஒருதடவை இல்ல, ரெண்டு தடவை. அதுக்கு எந்தச் சட்டம்?"

கதவைத் திறந்து இறங்கிப் பனியில் நடந்தே போனாள். குவளையை வண்டியிலேயே விட்டுவிட்டாள்.

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். அதைவிட இது மோசம். என் சாவியை வைத்துப் பறித்திருக்கிறாள். தலைவலிக்காரி நானே போய்ப் பார் என்று அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 1, சனி

தூண்டில் இரை விற்கும் கடையில் ரெய்னோ. என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான், ஏதோ அவன்தான் எனக்குத் தப்புச் செய்தவன் மாதிரி. மன்னிப்புக் கேட்டேன்.

"விடு பெரிட், கேக்கறது அவங்க வேலை."

"ஐலா குடில்ல இருக்காளா?"

"இல்ல. தனியாத்தான் போறேன்." இரையை வாங்கிப் பையில் போட்டான். "ஜன்னலில்லாத பெட்டிக்குள்ள பொம்பளப் பிள்ளையோட கதவை மூடிட்டு உக்காந்திருக்கான்னு இப்ப ஒருத்தன் நினைக்க ஆரம்பிச்சுட்டான் பாரு. ஆலையில நாலு பேரு என் பக்கத்துல உக்காந்து சாப்பிடறதில்ல. மடியில கனமில்லாதவனுக்கு வழியில பயமில்லைம்பாங்க. இருக்குது."

"அவ என்ன சொன்னா?"

"மரமீனைக் கொண்டாந்து என் மேசைமேல வச்சுட்டுப் போயிட்டா."

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா போன பிறகு அந்தப் பெண்ணுக்கு மிச்சமிருந்த ஒரே இடம். அதை நான் வரையச் சொன்னேன், நடீன் எடுத்துக் கொடுத்தாள். இதில் யார் பெரிய துரோகி?

பிப்ரவரி 5, புதன்

முக்கோணத்தைத் தட்டினேன். ட்ராவிஸ் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருவரும் கண்ணை மூடவில்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐலாவின் படம் வெளியே போனது வகுப்பு முழுக்கத் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

படங்களை எல்லாம் அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கவிழ்த்தபடியே. இழுப்பறை காலி. இனிப் பூட்டு எதற்கு?

பிப்ரவரி 13, வியாழன்

ஓல்ஸ்டாட் கூப்பிட்டார். "இந்த அமைதி நேரம் உண்மையில நல்ல கருவி, பெரிட். நடீன் வாராவாரம் படங்களைப் பாத்துடட்டும். முன்கூட்டியே எதையும் கண்டுபிடிச்சுடலாம்."

"பாக்க ஒண்ணும் இருக்காது. இனிமே வரையறதை அவங்கவங்க வீட்டுக்குக் கொண்டு போயிடுவாங்க."

"அப்ப அது எதுக்கு?"

"அஞ்சு நிமிஷம் அவங்களை யாரும் ஒண்ணும் கேக்காம இருக்கறதுக்கு. எனக்கே ஏதாவது தப்பாத் தெரிஞ்சா நானே பிள்ளைகிட்ட நேரா கேட்டுட்டு நானே வந்து சொல்றேன். திருட்டுத்தனமா வேண்டாம்."

யோசிக்கிறேன் என்றார். அவர் யோசிப்பது கிணற்றில் போட்ட கல். வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவரை லாபம்.

தாழ்வாரத்தில் நடீன் எதிரில் வந்தாள். கையில் கடையில் வாங்கிய கறுப்புக் கையுறை. இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். அவள் குவளை இன்னும் வண்டியில்தான் உருண்டுகொண்டிருக்கிறது. தூக்கிப்போடவும் மனம் வரவில்லை.

பிப்ரவரி 19, புதன்

கண்ணை மூட வேண்டாம், சும்மா உட்காருங்கள் போதும் என்று சொல்லலாமென நினைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். சொல்வதற்குள் ஐலா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தரையில் இழுபடாமல் தூக்கிக்கொண்டு போய்க் கதவருகே போட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"நான் மூடமாட்டேன்," என்றாள். "நான் கதவைப் பாத்துக்கறேன். நீங்கல்லாம் மூடிக்குங்க."

"யாராச்சும் வந்தா?" என்றான் ட்ராவிஸ்.

"சொல்றேன்."

ஒவ்வொருவராக மூடினார்கள். கடைசியாக ட்ராவிஸ், ஒரு கண்ணை மட்டும் கொஞ்ச நேரம் பாக்கி வைத்துவிட்டு. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நீங்களும்தான் மிஸ்."

இந்த அறையில் நான் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர் கண்ணை மூடலாமா? மூடினேன். வார்த்தைகள் எதுவும் சொல்லவில்லை, நடீனுடையவை எனக்கு வேண்டாம், என்னுடையவை இன்னும் வரவில்லை. வெப்பக் குழாய் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. இருட்டுக்குள் பச்சைத் தண்ணீர் தெரிந்தது எனக்கு.

முக்கோணத்தைத் தட்டிவிட்டு ஐலாவிடம் போனேன்.

"யாராவது வந்தாங்களா?"

"நடீன் மிஸ் வந்தாங்க. கண்ணாடி வழியாப் பாத்தாங்க. உள்ள வரலாமான்னு கையைக் காட்டிக் கேட்டாங்க."

"நீ?"

அவள் தலையை இடமும் வலமுமாக ஒருமுறை ஆட்டிக் காட்டினாள். "கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் போயிட்டாங்க."

பிறகு என்னிடமிருந்து ஒரு தாளை வாங்கி, மடியில் வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரைந்தாள். என்ன வரைந்தாள் என்று நான் பார்க்கவில்லை. மணி அடித்ததும் அதை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.