இரண்டு பேர் கேட்ட பறவை

என் வாயாடிக்கு,

அப்பா எழுதறேன். நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் வயித்துல இருக்கிற வாண்டும் அங்க நல்லபடியா இருக்கணும், அதுதான் எங்களுக்கு வேணும். நீ உண்டாகியிருக்கிற சேதியைச் சொன்னப்போ அப்பா சரி சரின்னுட்டு போனை அம்மாகிட்ட குடுத்துட்டாரு, அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லன்னு அழுதியாமே. அம்மா நேத்துதான் சொன்னா. அதுக்குத்தான் இந்தக் கடிதம், முழுசாப் படிச்சிட்டு அப்புறம் கோவிச்சுக்கோ.

எங்க பறவைச் சங்கம் உனக்குத் தெரியும்ல, வசந்த காலத்துல வலசை போற பறவைங்க நடுவுல இங்க இறங்கி இளைப்பாறும், அதுங்களைப் பார்க்க ஞாயித்துக்கிழமை விடிஞ்சும் விடியாம பன்னெண்டு பேர் கழுத்துல பைனாகுலரை மாட்டிக்கிட்டு குளத்தங்கரையில நடப்போம். தலைவி, பஸ் ஓட்டி ரிட்டயரானவங்க, எங்களுக்கு டிரைவரம்மா. அவங்க வச்ச சட்டம் என்னன்னா, ஒரு பறவையை ரெண்டு பேராவது பார்த்திருக்கணும், இல்ல அது சத்தத்தை ரெண்டு பேராவது கேட்டிருக்கணும், அப்பத்தான் நோட்டுல ஏறும். யாராவது அதோ பாடுதுன்னா பக்கத்துல நிக்கிற நான் உடனே ஆமாம்பேன். உண்மையைச் சொல்றேன், ரெண்டு வருஷமா அந்தச் சின்னச் சத்தம் எதுவுமே எனக்குக் கேக்கல. முப்பத்தஞ்சு வருஷம் லேத் மெஷின் பக்கத்துல நின்ன காதாச்சே. வெளிய சொல்லிக்கத்தான் வாய் வரல. போன மாசம் ஒருநாள் எல்லாரும் சட்டுனு நின்னுட்டாங்க, நான் மட்டும் சருகை மிதிச்சுக்கிட்டு, முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லதுன்னு உரக்கப் பேசிக்கிட்டே போறேன். திரும்பினா பதினோரு முகமும் என்னையே பார்க்குது. என் தலைக்கு நேர் மேல ஒரு கதிர்க்குருவி பாடிக்கிட்டு இருந்திருக்கு, வருஷத்துல ரெண்டு நாள் தங்கினாப் பெருசு, நான் போட்ட சத்தத்துல பறந்தே போச்சு. எல்லாரும் பைனாகுலரைத் தாழ்த்திக்கிட்டு மேல நடக்க ஆரம்பிச்சிட்டாங்க. அதுக்குத் திட்டியிருந்தாலே தேவலை.

அப்புறம் ஃபிளாஸ்க்குல இருந்து டீ ஊத்தறப்ப டிரைவரம்மாகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன், நான் ஆமான்னதெல்லாம் பொய், உங்க நோட்டையே கெடுத்துட்டேன்னு. அவங்க நிதானமா டீயைக் குடிச்சு முடிச்சிட்டு, அது எனக்கு ஆரம்பத்துலேயே தெரியும், நீங்க ஆமான்னதும் இன்னொருத்தரை ஓரமாக் கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் எழுதுவேன், நோட்டு சுத்தமாத்தான் இருக்குன்னாங்க. ரெண்டு வருஷம், ஒருநாள்கூட என்னை விட்டுக் கொடுக்கல பாரேன். மறுநாளே கையோட காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அந்த மனுஷிக்கு நான் எப்படி நன்றி சொல்லித் தீர்க்கிறதுன்னு தெரியல. காதுக்கு மெஷின் வந்து ஒரு வாரம் ஆச்சு. அடுப்படியில உங்கம்மா என்னைத் திட்டறதெல்லாம் இப்பத் தெளிவாக் கேக்குது, இத்தனை நாள் எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கேன் தெரியுமா. இன்னிக்குக் காலையில குளத்தங்கரையில மறுபடி ஒரு கதிர்க்குருவி. அதோன்னு முதல்ல சொன்னது நான், ஆமான்னது டிரைவரம்மா.

போன்லயும் என் வண்டவாளம் அதேதான். என்ன, என்னன்னு மூணு தடவை கேட்டா சலிச்சுப்பியோன்னு, சரி சரின்னு அம்மாகிட்ட தள்ளிடுவேன். அன்னிக்கு நீ அம்மாகிட்டகூடச் சொல்லாம முதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கே, எனக்கு ஒரு எழுத்துகூடக் கேக்கல. அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது. குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன், சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. அப்பவே உனக்குச் சொல்லியிருக்கணும், வீண் ஜம்பம், சொல்லல. அப்பாவை மன்னிச்சிடு கண்ணு.

நேரத்துக்குச் சாப்பிடு, கனமானதெல்லாம் மாப்பிள்ளை தூக்கட்டும், அவருக்கு வேற என்ன வேலை. மூணு பேரும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும். ஒண்ணு மட்டும் மறந்துடாதே, ஞாயித்துக்கிழமை போன் பண்ணி என்னைக் கூப்பிடு. அன்னிக்குச் சொன்னதை அதே மாதிரி முதல்ல இருந்து சொல்லு. எனக்கு எதுவும் தெரியாது, யாரும் இன்னும் சொல்லல. அம்மாவையும் பக்கத்துல நிறுத்திக்கிறேன், ரெண்டு பேர் கேட்டாத்தானே நோட்டுல ஏறும்.

இப்படிக்கு,
காதைத் தீட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்கிற
உன் அப்பா